வாடகை சைக்கிளும் அப்பா பெயரும்

எங்கள் ஊர் வாடகை சைக்கிள் கடையில் நூல் கட்டித் தொங்கவிட்ட ஒரு நோட்டு இருக்கும். சுசீந்திரத்திலிருந்து தேரூர் போகும் வழியில், டீக்கடையை ஒட்டி ஓலைச் சாய்ப்பு இறக்கிய சின்னக் கடை. எண்பதுகளின் கடைசி அது. மணிக்கு ஒரு ரூபாய். பெரிய சைக்கிள் ஏழெட்டு, சிறுவர்களுக்கு அரை சைக்கிள் மூன்று. பின்பக்க மட்கார்டில் வெள்ளை பெயிண்டில் எண் எழுதியிருக்கும். நோட்டில் சைக்கிளின் எண், எடுத்த நேரம், எடுத்தவன் பெயர். புதிதாக ஒரு பையன் வந்து நின்றால் கடைக்கார அண்ணாச்சி கேட்பது ஒரே கேள்விதான். "நீ ஆரு மவன்லே?"

அப்பா பெயரைச் சொன்னால் போதும். முன்பணம் வேண்டாம், அடையாள அட்டை வேண்டாம். சைக்கிளோடு எவனும் ஓடிப்போக மாட்டான். போனாலும் எந்த வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும் என்று அண்ணாச்சிக்குத் தெரியும்.

2019 பிப்ரவரியில் சென்னை மாநகராட்சி பொதுச் சைக்கிள் பகிர்வுத் திட்டத்தைத் தொடங்கியபோது எனக்கு இந்த நோட்டுதான் நினைவுக்கு வந்தது. அப்போது நான் சென்னையில் வேலையில் இருந்தேன். ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின் கீழ் முதலில் 25 நிலையங்கள், சுமார் 250 சைக்கிள்கள். கைப்பேசியில் செயலியை இறக்கி, எண்ணைக் கொடுத்து, வரும் ஓடிபியைப் போட்டு, பணம் கட்டி, சைக்கிளில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோடைக் காட்டினால் பூட்டு திறக்கும். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விடலாம். அண்ணாச்சி கடையில் அது முடியாது. எடுத்த இடத்தில்தான் விட வேண்டும். மற்றபடி கேள்வி ஒன்றுதான்: நீ யார், உன்னை எங்கே வந்து பிடிப்பது. முன்பு அப்பா பெயர் சொன்ன பதிலை இப்போது கைப்பேசி எண் சொல்கிறது.

அண்ணாச்சியின் நோட்டில் ஒரு பெண்ணின் பெயரை நான் பார்த்ததே இல்லை. பெண்களுக்குக் கிடையாது என்று அவர் பலகை எதுவும் வைக்கவில்லை. நல்ல மனுஷன். நான் போய் நின்றிருந்தால் ஒருவேளை தந்திருப்பார். ஆனால் நான் போய் நிற்க மாட்டேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். பலகை எழுதும் செலவு மிச்சம்.

நான் சைக்கிள் கற்றது அண்ணனின் ஒரு மணி நேரத்தில் கடைசிப் பத்து நிமிடத்தில். தென்னந்தோப்புக்குப் பின்னால் ஓடும் கால்வாய்க் கரையில், ஆள் நடமாட்டம் இல்லாத பொழுதாகப் பார்த்து, குரங்குப் பெடல் போட்டு. அந்தப் பத்து நிமிடத்துக்கு அவனுடைய வீட்டுப்பாடத்தை நான் எழுதிக் கொடுத்தேன். அம்மாவுக்குத் தெரிந்த அன்று, "விழுந்து மூஞ்சில வடு கெடந்தா நாளைக்கு எவன்ட்டி கெட்டுவான்?" என்றாள். அதற்குக் கீழே அவள் வாய்விட்டுச் சொல்லாத இன்னொரு பயம் இருந்தது. பிறகு பக்கத்து வீட்டுச் சித்தி அதைத் தணிந்த குரலில் சொன்னாள்: சைக்கிள் மிதித்தால் பெண்பிள்ளைகளுக்கு 'உள்ளே' ஏதோ கிழிந்துபோகுமாம். கல்யாணத்தன்று பிரச்சினை ஆகுமாம். நான் பெரியவளான பிறகு அந்தப் பத்து நிமிடமும் நின்றுபோயிற்று. யாரும் தடுக்கவில்லை என்றே சொல்லலாம். அண்ணன் தானாகவே கேரியரில் ஏற்றிக்கொள்வதையும் விட்டுவிட்டான்.

சைக்கிள் படிப்பதென்றால் முதலில் விழ வேண்டும். நாலு பேர் நடமாடும் தெருவில் விழ வேண்டும். பையன் விழுந்தால் சிரிப்பார்கள், தூக்கிவிடுவார்கள், மறந்துபோவார்கள். பெண் விழுந்தால் பாவாடை எதுவரை ஏறியது என்று பார்ப்பார்கள், அது பத்து வருடம் நினைவில் இருக்கும். பொதுச் சைக்கிள் பற்றிய திட்ட அறிக்கைகள் எதிலும் இந்த இடம் வருவதில்லை. சைக்கிளை நிறுத்தி வைத்தால் ஆட்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள் என்பதிலிருந்துதான் அவை தொடங்குகின்றன. பதினைந்து வயதுக்குள் விழுந்து எழ அனுமதி கிடைத்தவர்கள்தான் வந்து எடுப்பார்கள்.

எங்கள் பக்கத்தில் தெரு என்பது எப்போதுமே எல்லோருக்கும் பொதுவாக இருந்ததில்லை. நாஞ்சில் நாடு திருவிதாங்கூருக்குள் இருந்த காலத்தில், யார் எந்த உடையில் வெளியே வரலாம் என்பதற்கே சட்டமும் அடியும் இருந்தன. தோள்சீலைக்காகப் பெண்கள் பல பத்தாண்டுகள் அடிபட்ட பிறகுதான் 1859இல் மேலாடைக்கு அனுமதி வந்தது. அதுவும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. சுசீந்திரம் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக்கூடாது என்றிருந்ததை எதிர்த்து 1926இல் சத்தியாகிரகம் நடந்தது. 1930இல் மறுபடியும் நடந்தது. கோயில் நுழைவுப் பிரகடனம் 1936இல்தான் வந்தது. நான் பள்ளிக்கு நடந்துபோன தெருவில் அறுபது வருடத்துக்கு முன்னால் எத்தனையோ பேர் நடக்கவே முடிந்திருக்காது. தெரு திறந்த கதையைச் சொல்லித் தந்த ஆசிரியர்கள், அது திறந்தபோது பெண்களுக்கு எவ்வளவு திறந்தது என்று சொல்லித் தரவில்லை.

சைக்கிள் ஒரு பெண்ணின் வயிற்றுப்பாட்டில் எப்படி விழுகிறது என்று எனக்குக் காட்டியவர் ஒரு மீன்காரப் பாட்டி. மணக்குடியிலிருந்து வருவார். தலையில் சும்மாடு, அதன்மேல் கடவம், கடவத்திலிருந்து காதோரம் வழியும் மீன்தண்ணீர். வாசலில் வந்து இறக்கியதும் விலை பேசுவதற்கு முன்னால் அவர் கேட்பது: "சைக்கிள்காரன் வந்துட்டுப் பெயிட்டானா மக்களே?"

சைக்கிள்காரர்கள் எல்லோரும் ஆண்கள். கேரியரில் பெட்டி, ஹேண்டில் பாரில் ரப்பர் ஹாரன். கரையில் ஏலம் முடிந்ததும் கிளம்பினால் காலை எட்டு மணிக்குள் பத்து ஊர் சுற்றிவிடுவார்கள். பாட்டி இரண்டு ஊர் தாண்டுவதற்குள் வெயில் ஏறிவிடும். சைக்கிள்காரர் வந்துபோன தெருவில் பாட்டியின் சாளைக்குப் பாதி விலைதான். அதே கடல், அதே மீன். வித்தியாசம் இரண்டு சக்கரம். ஒருநாள் அம்மா, "நீங்களும் ஒரு சைக்கிள் வாங்கப்படாதா?" என்று சும்மா கேட்டாள். பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைவு. அது ஏன் சிரிப்பாக இருந்தது என்று இப்போது யோசித்தால் தொண்டையில் எதுவோ நிற்கிறது.

இதே காலத்தில், எங்களிடமிருந்து வடக்கே சில மணி நேரப் பயணத் தொலைவில், புதுக்கோட்டையில் அந்தச் சிரிப்பை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. கல்லூரியில் சாய்நாத்தின் கட்டுரையைப் படித்தபோதுதான் தெரிந்தது. அறிவொளி இயக்கம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே எழுத்துக் கற்றுக்கொடுக்கப் போனது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத்தும் இயக்கத்துக்காரர்களும் சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார்கள். கல்குவாரித் தொழிலாளர்கள், விவசாயக் கூலிகள், கிராமச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பெண்கள் என்று எல்லோரும் கற்றார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிள்களில் புதுக்கோட்டை நகருக்குள் வந்தார்கள். பொதுவெளியில் ஓட்டிக் காட்டும் போட்டிகளில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டதாக சாய்நாத் எழுதுகிறார். வங்கிக் கடன் ஏற்பாடு இருந்தது. முத்துபாஸ்கரன் எழுதிய சைக்கிள் பாட்டு ஊர் ஊராகப் போனது.

எனக்கு இதில் மிகவும் பிடித்த தகவல் வேறு. லேடீஸ் சைக்கிள் போதாமல் போனபோது பெண்கள் ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சிலர் அதையே விரும்பினார்கள். நடுவில் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று. இடுப்பில் குழந்தை, தலையில் பாரம், கையில் தண்ணீர்ப் பாத்திரம் என்று போன உடம்பு, மூன்றையும் சைக்கிள்மேல் இறக்கி வைத்திருக்கிறது. தண்ணீர் எடுக்கப் போகும் நேரம், சந்தைக்குப் பொருள் கொண்டுபோக பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரம், அப்பனோ மகனோ வந்து கூட்டிப்போகட்டும் என்று வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரம் எல்லாம் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. ஆண்கள் கேலி செய்தார்கள். கூட்டமாகக் கற்றதால் அது எடுபடவில்லை. ஒருத்தி விழுந்தால் செய்தி. முந்நூறு பேர் விழுந்தால் யாருடைய பாவாடையைப் பார்ப்பது?

எழுத்தறிவில் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டிலேயே முதலிடம். 2011 கணக்கெடுப்பில் 92 விழுக்காட்டை ஒட்டி வந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இதை விருந்தாளிகளிடம் பெருமையாகச் சொல்வார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண்கள் பஸ் ஸ்டாப்பில் வரிசையாக நிற்பதைச் சொல்ல மாட்டார்கள்.

என் தோழி ஒருத்தி பத்தாவதோடு நின்றாள். 1996. பிளஸ் ஒன் இருக்கும் பள்ளி ஆறு கிலோமீட்டர். காலையில் ஒரு பஸ். அதை விட்டால் இரண்டாவது பீரியட் போய்விடும். மாலையில் ஸ்பெஷல் கிளாஸ் முடிந்தால் இருட்டிவிடும். அவள் வீட்டில் ஒரு சைக்கிள் இருந்தது, அவள் தம்பிக்கு. அவள் அண்டி ஆபீசுக்குப் போனாள். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்; கொட்டை எண்ணெயில் விரல் கறுத்துப் பொரிந்துபோகும் வேலை. அவளைவிட நான் நன்றாகப் படித்தவள் இல்லை. என் பள்ளி பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் 2001-02இல் வந்தது, முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு. சில ஆண்டுகளில் மேல்நிலை வகுப்பு மாணவ மாணவியர் அனைவருக்கும் விரிந்தது. பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் தரத் தொடங்கியது. கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 விழுக்காடு கூடியிருந்தார்கள். ஆண் பெண் இடைவெளி 40 விழுக்காடு குறைந்திருந்தது. பள்ளி தூரமாக இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். இந்த எண்களைப் படிக்கும்போதெல்லாம் ஆறு கிலோமீட்டர் என்ற எண்தான் எனக்குள் ஓடும். ஐந்து வருடம் பிந்திப் பிறந்திருந்தால் அவளுக்கும் ஒன்று கிடைத்திருக்கலாம்.

சென்னைக்கு வருகிறேன். அந்த 2019இல் சில ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் நானும் மெரினாவில் சைக்கிள் எடுத்து ஓட்டினேன். சுகமாக இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. நாற்பதை நெருங்கும் வயதில், யாருடைய மகள் என்று சொல்லாமல், கடல்காற்றில் ஒரு மணி நேரம். ஆனால் என்னைச் சுற்றி ஓட்டியவர்கள் பெரும்பாலும் பையன்கள், கல்லூரி மாணவர்கள், அரைக்கால் சட்டை போட்ட நடுவயது ஆண்கள். பெண்கள் இருந்தார்கள், என்னைப் போன்ற பெண்கள். ஸ்மார்ட்போன் உள்ளவர்கள், சுடிதாரோ பேன்ட்டோ போட்டவர்கள், ஞாயிற்றுக்கிழமைக் காலை என்ற ஒன்று வாய்த்தவர்கள்.

என் குடியிருப்பில் வீட்டுவேலை செய்த அக்கா கண்ணகி நகரிலிருந்து வருவார். நகரத்துக்கு நடுவில் கூவம், அடையாற்றுக் கரைகளில் இருந்தவர்களைக் கொண்டுபோய் இறக்கிய மறுகுடியமர்வுப் பகுதி அது. அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்கு வர நடை, இல்லாவிட்டால் ஷேர் ஆட்டோவுக்குக் காசு. புதுச் சைக்கிளைப் பற்றி அவரிடம் சொன்னேன். மூன்று கேள்வி கேட்டார். எங்க ஏரியாவுல வைப்பாங்களா? கேரியர் இருக்கா? புடவை மாட்டாதா? முன்பக்கம் ஒரு கூடை உண்டு, கேரியர் கிடையாது என்றேன். "அப்போ புள்ளைய எங்க வெக்கிறது?" என்றார். பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது. அவருக்குத் துவைக்கிற வேலை இருந்தது.

இது சென்னையின் குறை மட்டும் இல்லை. பொதுச் சைக்கிளின் கதை 1965இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்குகிறது. புரோவோ என்ற கலகக்கார இளைஞர்கள் வெள்ளை பெயிண்ட் அடித்த சைக்கிள்களைப் பூட்டில்லாமல் தெருவில் விட்டார்கள், யாரும் எடுக்கலாம் என்று. போலீஸ் அவற்றை அள்ளிக்கொண்டு போனது. பூட்டாத சைக்கிள் சட்டப்படி குற்றமாம். பாரிஸ் 2007இல் வெலிப் திட்டத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தது; முதல் அரை மணி இலவசம். அந்த அரைமணிக் கணக்கு பிறகு உலகம் முழுக்கப் பரவிற்று. மைசூர் 2017இல் 'டிரின் டிரின்' தொடங்கியது, 48 நிலையங்கள், 450 சைக்கிள்கள். கையில் வைத்துக்கொள்ள ஓர் அட்டை தந்தார்கள், அது நல்ல யோசனை. நியூயார்க்கில் 2013இல் வந்த சிட்டி பைக்கை ஆராய்ந்தவர்கள், பயணங்களில் பெண்கள் ஓட்டியவை நான்கில் ஒரு பங்கு அளவே என்று கண்டார்கள். கார்களிடமிருந்து தடுப்பு வைத்துப் பிரித்த சைக்கிள் பாதை இருக்கும் இடங்களில் பெண்கள் கூடுதலாக வருகிறார்கள் என்பதும் அதில் தெரிந்தது.

அந்த அரை மணி நேரத்தைக் கொஞ்சம் பாருங்கள். வீட்டில் எடுத்து மெட்ரோவில் விடு, மெட்ரோவில் எடுத்து ஆபீசில் விடு. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு, கையை வீசிக்கொண்டு போகிறவனின் பயணம் இது. பெண்ணின் பயணம் அப்படியா இருக்கிறது? பிள்ளையைப் பள்ளியில் விட்டு, ரேஷன் கடையில் எட்டிப் பார்த்து, மாமியாரின் மருந்தை வாங்கி, வேலைக்குப் போய், திரும்பும்போது காய்கறிப் பையோடு பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வருவது. ஐந்து இடத்தில் நிற்க வேண்டும். ஐந்து இடத்திலும் நிலையம் இல்லாவிட்டால் சைக்கிள் கையிலேயே இருக்கும், மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

இதற்கு நேர் எதிரான ஒன்றைத் தமிழ்நாடு 2021 மே மாதம் செய்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. செயலி வேண்டாம், பதிவு வேண்டாம், யார் மகள் என்று சொல்ல வேண்டாம். கையைக் காட்டி ஏறலாம், எத்தனை முறை இறங்கியும் ஏறலாம். பெண்ணின் பயணம் எப்படி உடைந்து உடைந்து போகிறது என்பதற்கு அது பொருந்தியது. அதனால்தான் அப்படிப் பிடித்துக்கொண்டது. ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் எங்கள் குளச்சலில், மீன் விற்றுத் திரும்பிய வயதான பெண் ஒருவரை நாற்றம் அடிக்கிறது என்று சொல்லி அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் அவர் நின்று கத்திய காணொளியை ஊரே பார்த்தது. ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள், முதலமைச்சர் கண்டித்தார். நான் மணக்குடிப் பாட்டியை நினைத்துக்கொண்டேன். டிக்கெட் இலவசமானாலும் ஏற்றுவதும் இறக்குவதும் வேறொருவர் கையில் இருக்கிறது. சைக்கிளில் இருந்து நம்மை யாரும் இறக்கிவிட முடியாது. பஸ் போதுமே, சைக்கிள் எதற்கு என்று கேட்கும் தோழிகளுக்கு நான் சொல்வது இதைத்தான்.

நாகர்கோவிலும் 2019இல் மாநகராட்சி ஆகிவிட்டது. நாளைக்கு இங்கேயும் பொதுச் சைக்கிள் வரலாம். வந்தால் பூங்கா வாசலிலும் கன்னியாகுமரிக் கடற்கரையிலும்தான் முதலில் வைப்பார்கள், சுற்றுலாப் பயணிகள் படம் எடுத்துக்கொள்ள. வடசேரிச் சந்தையில் வையுங்கள். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வாசலில், விடியும் முன் பூக்கூடை இறங்கும் தோவாளையில், அண்டி ஆபீஸ் கேட்டில், மணக்குடிக் கரையில் வையுங்கள். கேரியர் போடுங்கள், சங்கிலிக்கு முழு மூடி போடுங்கள், பின்சக்கரத்துக்குச் சேலை மாட்டாத வலை போடுங்கள். கைப்பேசி இல்லாதவளுக்கு ஒரு நோட்டு வையுங்கள், அதில் அவள் பெயரை மட்டும் எழுதுங்கள். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றில் நல்ல பலசாலிகளே இறங்கி உருட்டிக்கொண்டுதான் போவார்கள்; தோவாளையில் வைக்கும் சைக்கிளுக்கு மோட்டார் வைத்தால் புண்ணியம். இதற்கெல்லாம் முன்னால், ஒவ்வொரு வார்டிலும் மாலையில் பெண்கள் கூட்டமாக விழுந்து எழ ஒரு மைதானம் கொடுங்கள்.

மைதானத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். போன முறை ஊருக்குப் போயிருந்தபோது மைனி நாற்பத்தாறு வயதில் சைக்கிள் பழகிக்கொண்டிருந்தாள். அண்ணன் மகளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் கிடைத்த அரசாங்க சைக்கிள். அவள் கல்லூரிக்கு ஸ்கூட்டியில் போகத் தொடங்கியதும் அது சாய்ப்பில் கிடந்தது. மகள் சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுகிறாள், மைனி நைட்டிக்கு மேல் துண்டைப் போட்டுக்கொண்டு மிதிக்கிறாள். கால்வாய்க் கரைக்குப் போகவில்லை, வீட்டு முன்னால் தெருவிலேயே. எதிர்வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள். "பாத்துட்டுப் போட்டும்" என்றாள் மைனி. மில்லுக்கு மாவு அரைக்கவும் சங்கக் கூட்டத்துக்குப் போகவும் அவளுக்கு அது வேண்டுமாம். நேராகப் போக வந்துவிட்டது. வலப்பக்கமும் திரும்பிவிடுகிறாள். இடப்பக்கம் திரும்பத்தான் இன்னும் இறங்கி, சைக்கிளைத் தூக்கித் திருப்பி வைத்து, மறுபடி ஏறுகிறாள்.